ஐபோனில் மட்டும் மறையும் பொத்தான்

இலங்கையின் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுகளில் ஆசனம் பதிவு செய்ய ஓர் இணையத்தளம் செய்து கொடுத்தேன். என் மடிக்கணினியின் குரோமில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. முதல் வாரத்திலேயே படகுக்கார அண்ணன் அழைத்தார்: “தம்பி, ஐபோன்காரருக்குப் பதிவுப் பொத்தானே தெரியவில்லையாம்.”

குற்றம், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் (CSS) கோப்பில் அதன் உயரத்தை 100 விஎச் (100vh, அதாவது திரையில் தெரியும் முழு உயரம்) என்று எழுதியதில் இருந்தது. ஐபோன் சஃபாரி, முகவரிப் பட்டை சுருங்கியிருக்கும்போது கிடைக்கும் உயரத்தையே 100 விஎச் என்று கொள்கிறது. பட்டை விரிந்திருந்தால் பக்கத்தின் அடிப்பகுதி மறைந்துவிடும். என் பொத்தான் சரியாக அங்கேதான் இருந்தது.

அந்த வரியை அழிக்காமல், அதன் கீழேயே 100 டிவிஎச் (100dvh, பட்டை விரிந்து சுருங்குவதற்கேற்ப மாறும் உயரம்) என்று இன்னொரு வரி சேர்த்தேன். வரிசையை மாற்றிவிடாதீர்கள். புதிய உலாவி பின்னால் வரும் வரியை எடுத்துக்கொள்ளும்; பழைய உலாவி தனக்குப் புரியாத இரண்டாவது வரியை விட்டுவிட்டு முதல் வரியை எடுத்துக்கொள்ளும். சஃபாரி, ஃபயர்பாக்ஸ், குரோம் மூன்றும் 2022 இல் டிவிஎச் அலகை ஏற்றுக்கொண்டுவிட்டன. உருட்டும்போது உயரம் மாறுவது கண்ணை உறுத்தினால் டிவிஎச்சுக்குப் பதில் எஸ்விஎச் (svh, பட்டை விரிந்திருக்கும்போது கிடைக்கும் மாறாத உயரம்) போடுங்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஐபோனில் குரோமைத் திறந்து, “குரோமிலும் பிழைதானே” என்று குழம்ப வேண்டாம். நம் நாட்டு ஐபோன்களில் குரோமுக்குள் ஓடுவதும் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும், சஃபாரியின் வெப்கிட் இயந்திரமே. கணினியில் சாளரத்தைச் சுருக்கிப் பார்த்தாலும் இந்தப் பிழை அகப்படாது. தெரிந்தவர் ஒருவரின் ஐபோனை ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.