அப்டேட் வந்து ஒளித்துவைத்த பட்டன்களைத் திரும்ப எடுப்பது எப்படி

போன மாதம் ஒரு துக்க வீட்டில் அம்மா தன் போனை அணைக்கப் பார்த்தார். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார், பத்து வருடமாக அப்படித்தான் அணைக்கிறார். அன்றைக்கு அணையவில்லை. கீழே வண்ண வண்ணமாக ஒரு பட்டை மினுக்கியது, அது அங்கிருந்த அழுகையையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு கணீரென்று, "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அத்தை ஒரு நொடி நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அம்மா போனைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வெளியே ஓடி வந்து என்னிடம் நீட்டி, "இந்தப் பொம்பளைய முதல்ல வெளிய அனுப்புடா" என்றார்.

அந்தப் பொம்பளை வேறு யாருமில்லை, பவர் பட்டனில் குடியேறிய வாய்ஸ் அசிஸ்டன்ட், அதாவது போனுக்குள் இருந்து பேசும் குரல் உதவியாளர். என்ன போன் என்று கேட்காதீர்கள், இப்போது அனேகமாக எல்லா போனும் இதைத்தான் செய்கிறது. ஒரு தட்டில் முடிந்த வேலையை மூன்று தட்டாக்கிவிட்டு அதற்குப் புதுமை என்று பெயர் வைக்கிறார்கள். நல்ல செய்தி என்னவென்றால், இதில் பாதிக்கு மேல் பழையபடி மாற்றிக்கொள்ள முடியும். அதற்கான வழியை மட்டும் எங்காவது நாலாவது அடுக்கில் புதைத்து வைத்திருப்பார்கள். அம்மா, பெரியம்மா, மாமனார், எதிர் வீட்டு சார் என்று வரிசையாக எல்லார் போனையும் சரிசெய்து தெரிந்துகொண்டதைக் கீழே எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்னால், இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ராத்திரி போன் தானாக ரீஸ்டார்ட் ஆகி, காலையில் மேலிருந்து இழுக்கும் பேனல், எழுத்து, ஐகான் எல்லாமே மாறியிருந்தால் அது சிஸ்டம் அப்டேட். அதைப் பின்னால் தள்ள முயலவே வேண்டாம், பழைய சாஃப்ட்வேரை ஏற்றப் போனால் போனில் இருப்பதெல்லாம் அழியும், பேங்க் ஆப் முரண்டு பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் செட்டிங்ஸில் பழைய முறைக்கு ஒரு வழி விட்டிருப்பார்கள். ஒரே ஒரு ஆப் மட்டும் மாறியிருந்தால் அது ஆப் அப்டேட், போனோடு வந்த ஆப் என்றால் அப்டேட்டைக் கழற்றிவிடலாம். மூன்றாவது வகைதான் எரிச்சல்: நீங்கள் எதையும் அப்டேட் செய்திருக்க மாட்டீர்கள், நேற்று இரவு ஒரு மாதிரி இருந்தது காலையில் வேறு மாதிரி இருக்கும். கம்பெனிக்காரர்கள் அவர்கள் சர்வரிலேயே சுவிட்சைப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்கு உங்கள் பக்கம் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை, சுற்றுவழிதான். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் போனை ரீசெட் செய்து, ஃபோட்டோவையெல்லாம் இழந்து, கடைசியில் அதே புது மூஞ்சியைத் திரும்பப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. செட்டிங்ஸைத் திறந்ததும் மேலே ஒரு பூதக்கண்ணாடி இருக்கும், அதில் தேடுங்கள். மெனு மெனுவாக இறங்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறது, ஒவ்வோர் அப்டேட்டுக்கும் இடம் மாறும், தேடினால் மட்டும் எப்படியும் வந்துவிடும். போன் தமிழில் இருந்தால் நான் இங்கே சொல்கிற பெயர்கள் அப்படியே இருக்காது, அதனால் வேலை முடியும் வரை மொழியை இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டு, பிறகு திரும்பத் தமிழுக்கு வாருங்கள்.

சரி, முதலில் அந்தப் பவர் பட்டன். சாம்சங் என்றால் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ், சைடு பட்டன் (சில போனில் சைடு கீ). அங்கே லாங் பிரஸ் என்ற இடத்தில் "பவர் ஆஃப் மெனு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிக்ஸல் (கூகுளின் சொந்த போன்) என்றால் சிஸ்டம், ஜெஸ்ச்சர்ஸ், "பிரஸ் அண்ட் ஹோல்டு பவர் பட்டன்", அங்கே "பவர் மெனு". மற்ற போன்களில் பூதக்கண்ணாடியில் பவர் பட்டன் என்று போட்டாலே போதும். அவசரத்துக்கு, செட்டிங்ஸைத் தொடாமலேயே அணைக்க வேண்டுமென்றால் நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் பவரையும் வால்யூம் கூட்டும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் அணைக்கும் மெனு வரும். சாம்சங்கில் பவரோடு வால்யூம் குறைக்கும் பட்டனைச் சேர்த்துச் சில நொடி பிடித்திருக்க வேண்டும், சட்டென்று விட்டால் ஸ்கிரீன்ஷாட்தான் கிடைக்கும். ஐபோனில் 2017-ல் வந்த டென் மாடலிலிருந்தே பக்கவாட்டுப் பட்டனோடு ஏதாவது ஒரு வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால்தான் அணைக்கும் பட்டை வரும்.

இங்கேயே இருக்கும்போது இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள், வயதானவர்கள் போன் என்றால் கட்டாயம். செட்டிங்ஸில் ஆக்ஸஸிபிலிட்டி பகுதியில் "பவர் பட்டன் எண்ட்ஸ் கால்" என்று ஒன்று உண்டு, போட்டுவிட்டால் பவர் பட்டனைத் தட்டியதும் கால் கட் ஆகும். சாம்சங்கில் கால் எடுக்க வால்யூம் கூட்டும் பட்டனையே வைத்துக்கொள்ளலாம், போன் ஆப்பின் செட்டிங்ஸில் "ஆன்சரிங் அண்ட் எண்டிங் கால்ஸ்" என்ற இடத்தில் இருக்கிறது. திரையில் என்ன கூத்து மாறினாலும் உடம்பில் இருக்கும் பட்டன் மாறாது. மாவு பிசைந்த கையோடு திரையை எத்தனை முறை தேய்த்தாலும் கால் எடுக்காது, பட்டனை விரல் முட்டியால் அழுத்தினாலும் எடுக்கும்.

கால் எடுப்பது என்றதும் 2025 ஆகஸ்ட் ஞாபகம் வரும். கூகுளின் போன் ஆப் அந்த மாதம்தான் பரவலாக உரு மாறியது, நம் ஊரில் விற்கும் பல கம்பெனி போன்களில் அதுதான் டயலர் (கால் பேசும் ஆப்) என்பதால் ஒரு வாரத்துக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க இதே புலம்பல். மேலே கீழே தள்ளி எடுத்த காலைப் பக்கவாட்டில் தள்ளச் சொன்னது. ஃபேவரிட்ஸும் ரீசென்ட்ஸும் சேர்ந்து ஹோம் என்று ஒன்றாகிவிட்டன. கான்டாக்ட்ஸ், அதுவரை கீழே கண்ணெதிரே இருந்தது, மேலே மெனுவுக்குள் போய்விட்டது. இதில் எடுக்கும் முறையை மாற்றலாம்: போன் ஆப்பைத் திறந்து மேலே இருக்கும் மெனு, செட்டிங்ஸ், "இன்கமிங் கால் ஜெஸ்ச்சர்". ஹாரிஸான்டல் ஸ்வைப், சிங்கிள் டேப் என்று இரண்டு இருக்கும். தள்ளுவதே வேண்டாம், பச்சையைத் தொட்டால் எடுக்கணும், சிவப்பைத் தொட்டால் வைக்கணும் என்பவர்களுக்கு சிங்கிள் டேப். பெரியவர்களுக்கு இதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் பையிலிருந்து எடுக்கும்போது கை பட்டு கால் எடுத்துக்கொள்ளும் தொல்லை இதில் கூடும், அதையும் சொல்லிவிடுங்கள்.

மொத்தமாகப் பழைய டயலரே வேண்டும் என்றால் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ, வலது மூலையில் மூன்று புள்ளி, "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்". போன் வாங்கியபோது இருந்த பதிப்புக்குப் போய்விடும். உடனே பிளே ஸ்டோரில் அதே ஆப்பின் பக்கத்துக்குப் போய் அங்கேயும் மூன்று புள்ளியைத் தொட்டு "எனேபிள் ஆட்டோ அப்டேட்" டிக்கை எடுங்கள். இதை மறந்தால் மறுபடி விடிவதற்குள் புது மூஞ்சி வந்துவிடும். எச்சரிக்கை ஒன்று: அப்டேட்டைக் கழற்றும்போது ஆப்பின் டேட்டா போய்விடும் என்று கேட்கும். நம்பர்களும் கால் ஹிஸ்டரியும் வேறு இடத்தில் இருப்பதால் தப்பிக்கும், ஆனால் அந்த ஆப்பில் ரெக்கார்டு செய்து வைத்த கால்கள் இருந்தால் முதலில் வேறு இடத்துக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாள் பழைய பதிப்பிலேயே கிடப்பதும் நல்லதல்ல, பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்தான். இதை நான் ஓர் இடைக்கால ஏற்பாடாகத்தான் பார்க்கிறேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது டயலர் பக்கமே போகாமல் இருப்பது. ஹோம் ஸ்கிரீனில் காலியிடத்தை அழுத்திப் பிடித்து விட்ஜெட்ஸ், கான்டாக்ட்ஸ், "டைரக்ட் டயல்". மகன், மகள், டாக்டர், ஆட்டோக்காரர் என்று நாலு பேரைப் படத்தோடு வைத்துவிட்டால் தொட்டதும் கால் போகும். கூகுள் டயலரை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும், அம்மாவுக்கு அது மாறியதே தெரியாது.

அடுத்து மேலிருந்து இழுக்கும் பேனல். சாம்சங்கில் 2025-ல் ஒன் யூஐ 7 என்ற அவர்களுடைய புது சாஃப்ட்வேர் வந்ததும் இதை இரண்டாக வெட்டிவிட்டார்கள்: வலது ஓரத்திலிருந்து இழுத்தால் சுவிட்சுகள், மற்ற இடத்திலிருந்து இழுத்தால் நோட்டிஃபிகேஷன். டார்ச் போட இழுத்தால் விளம்பர மெசேஜ் வந்து நிற்கிறதே என்று திட்டியவர்கள் இதைச் செய்யுங்கள்: வலது ஓரத்திலிருந்து இழுத்து, மேலே பென்சில் படத்தைத் தொட்டு, "பேனல் செட்டிங்ஸ்", அதில் "டுகெதர்". அவ்வளவுதான், பழையபடி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பென்சில் இருக்கும்போதே டார்ச், ஹாட்ஸ்பாட், லொகேஷன் மூன்றையும் முதல் வரிசைக்கு இழுத்து வைத்துவிடுங்கள்.

வைஃபையும் மொபைல் டேட்டாவும் ஒரே "இன்டர்நெட்" கட்டத்துக்குள் போனது 2021-ல், ஆண்ட்ராய்டு 12-ல். ஒரு தட்டில் அணைந்த வைஃபைக்கு அதிலிருந்து ஒரு தட்டு, உள்ளே சுவிட்ச், பிறகு "டன்" பட்டன். கூகுள் சொன்ன காரணம், சிக்னல் மோசமாக இருக்கிறதென்று வைஃபையை அணைக்கிறவர்கள் திரும்பப் போட மறந்து டேட்டாவைக் கரைக்கிறார்கள் என்பது. உண்மையாகவே இருக்கலாம், ஆனால் மறக்காதவன் என்ன பாவம் செய்தான்? இதற்கு நேரான வழி கூகுளின் போன்களில் பல வருடம் இருக்கவில்லை. வைஃபை சுவிட்ச் தருகிறோம் என்று பிளே ஸ்டோரில் வரும் குட்டி ஆப்களை நம்பாதீர்கள், ஆண்ட்ராய்டு 10-லிருந்தே வெளி ஆப்கள் நேரடியாக வைஃபையை அணைக்க அனுமதி கிடையாது, பாதி ஆப்கள் உங்களை அதே பேனலுக்குத்தான் கூட்டிப் போகும். சாம்சங் மாதிரி சில கம்பெனிகள் இரண்டையும் இன்னும் தனித்தனியாக வைத்திருக்கின்றன.

அடியில் மூன்று பட்டன் போய் தள்ளுவது மட்டும் இருக்கிறதென்றால் செட்டிங்ஸில் நேவிகேஷன் என்று தேடி மூன்று பட்டனைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிட வேலை.

இனி டீக்கடை விஷயம். பணம் அனுப்பும் ஆப்களில்தான் இடம் மாற்றுவது அதிகம் நடக்கிறது. நான் வைத்திருக்கும் ஒன்றில் ஸ்கேன் இருந்த இடத்தில் ஒரு நாள் கடன் விளம்பரம் வந்தது, பன்னிரண்டு ரூபாய் டீக்குக் காசு கொடுக்கப் போனவனுக்கு ஐந்து லட்சம் லோன் தரட்டுமா என்று கேட்டது, பின்னால் நாலு பேர் டம்ளரோடு நின்றார்கள். இந்த ஆப்களைப் பழைய பதிப்புக்குத் தள்ளக் கூடாது, வெளியிலிருந்து பழைய பதிப்பை இறக்கிப் போடவே கூடாது, பண விஷயம். சுற்றுவழி இருக்கிறது: ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடியுங்கள், குட்டி மெனு ஒன்று வரும், நிறைய ஆப்களில் ஸ்கேன் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை அப்படியே பிடித்து ஹோம் ஸ்கிரீனுக்கு இழுத்து விட்டால் தனி ஐகானாக உட்கார்ந்துவிடும். தொட்டால் நேராக கேமரா. ஆப்புக்குள் எத்தனை விளம்பரம் வைத்தாலும் நீங்கள் அந்தப் பக்கத்தையே பார்க்க மாட்டீர்கள். இந்த வசதி 2016-லிருந்து இருக்கிறது, எனக்குத் தெரிந்த பத்துப் பேரில் ஒருவர் கூடப் பயன்படுத்தவில்லை.

ஐபோன்காரர்களுக்குச் சுருக்கமாக. ஐஓஎஸ் (ஐபோனின் சிஸ்டம் சாஃப்ட்வேர்) 26-ல் போன் ஆப்பில் எல்லாம் ஒன்றாகக் குழம்பியிருந்தால் வலது மேல் மூலையில் இருக்கும் ஃபில்டரைத் தொட்டு "கிளாசிக்" போடுங்கள். கன்ட்ரோல் சென்டரில் வைஃபையைத் தட்டினால் அணையாது, மறுநாள் வரை இணைப்பை மட்டும் துண்டிக்கும், இது 2017-லிருந்தே அப்படித்தான். முழுதாக அணைக்க செட்டிங்ஸுக்குப் போக வேண்டும். அடிக்கடி செய்யும் ஒரு வேலையை முதுகில் தட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம்: ஆக்ஸஸிபிலிட்டி, டச், "பேக் டேப்". ஃபோட்டோஸ் ஆப்பில் ஐஓஎஸ் 18 கீழேயிருந்த டேப்களைத் தூக்கியபோது எழுந்த சத்தத்துக்குப் பிறகு 26-ல் லைப்ரரி, கலெக்ஷன்ஸ் என்று இரண்டு டேப் திரும்ப வந்துவிட்டன. அதனால் ரேட்டிங்கில் போய்த் திட்டுவது வீண் என்று நினைக்காதீர்கள், என்ன மாறியது, எத்தனை தட்டு கூடியது என்று சொல்லித் திட்டுங்கள்.

கடைசியாக, அடுத்த முறை தூக்கத்தில் வந்து மாற்றாமலிருக்க. சாம்சங்கில் செட்டிங்ஸ், சாஃப்ட்வேர் அப்டேட், "ஆட்டோ டவுன்லோடு ஓவர் வைஃபை" அணையுங்கள். பிக்ஸல் மாதிரி போன்களில் அபௌட் போனில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் "ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்" அணையுங்கள், அங்கே இருக்கும் வேறெதையும் தொடாதீர்கள். பாதுகாப்பு அப்டேட் வந்தால் நீங்களாகவே போட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு நம்பரே மாறும் பெரிய அப்டேட்டுக்கு மட்டும் ஒரு மாதம் பொறுங்கள், அதற்குள் எது எங்கே போனது என்று யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். அம்மா போனில் அந்த வேலையை நான் ஊருக்குப் போகும் நாளில்தான் செய்கிறேன். காலையில் அப்டேட் போட்டுவிட்டு, சாயங்காலம் வரை அவர் வழக்கம்போல நாலு பேருக்குப் பேசி, ஒரு தடவை டார்ச் போட்டு, ஒரு தடவை போனை அணைத்துக் காட்டிய பிறகுதான் பஸ் ஏறுகிறேன்.