ஆன்லைன் ஆட்டத்தில் தொல்லை தருபவர்: டிஎம்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொல்லை தரும் ஆளை ஆட்டத்துக்குள்ளேயே வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பதுதான், ஆட்டத்தை நடத்தும் டிஎம்கள் (டன்ஜன் மாஸ்டர்கள்) செய்யும் பெரிய தவறு. நானும் செய்திருக்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிக் கதையை நகர்த்தும் ஆட்டம். நான் நடத்திய குழுவில் ஒருவர் யாரையும் பேசி முடிக்க விடமாட்டார். கதைக்குள் கூட்டாளிகளின் பையிலேயே திருடுவார். பாடம் புகட்டுவதாக நினைத்து அவருடைய கேரக்டரை ஒரு பொறியில் சிக்கவைத்துச் சாகடித்தேன். அடுத்த வாரம் புதுக் கேரக்டரோடு வந்தார். குணம் அப்படியே இருந்தது, கூடவே என்மேல் கோபமும். மற்றவர்களுக்கு அது கதையில் வந்த திருப்பமாகத்தான் தெரிந்தது. நான் கண்டித்தேன் என்பது ஒருவருக்கும் புரியவில்லை.

கேட்டால், "என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்" என்பார்கள். இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கேரக்டரை உருவாக்கியவரே அவர்தானே? "இந்தக் குழுவோடு சேர்ந்து போக விரும்புகிற ஒரு கேரக்டரைக் கொண்டுவாருங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதல் ஆட்டத்துக்கு முன்பே, செஷன் ஜீரோ எனப்படும் முன்கூட்டத்தில், இதைச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்த தவறு, யாரும் புகார் சொல்லவில்லை என்பதால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வது. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் ஒருவர் முகம் வாடுவது கண்ணுக்குத் தெரியும். ரோல்20 தளத்தில் ஆட்ட வரைபடமும் டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் குரலும் மட்டும் இருக்கும்போது, மனம் நொந்தவர் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் தெரியும். வழக்கமாகப் பேசுகிறவர் இரண்டு வாரம் தொடர்ந்து அமைதியாக இருந்தால், தனியாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

கண்டிக்கும்போது பொதுச் சேனலில் கண்டிப்பதும் தவறுதான். பார்வையாளர்கள் இருந்தால் யாரும் இறங்கிவரமாட்டார்கள். தனிச் செய்தியில் சொல்லுங்கள். "நீங்கள் டாக்சிக்" என்று முத்திரை குத்தினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். "சனிக்கிழமை அவர் பேசும்போது மூன்று முறை குறுக்கிட்டீர்கள்" என்று நடந்ததைச் சொன்னால் மறுக்க வழியில்லை. ஆனால் சாதி, மதம், பாலினம் சொல்லி இழிவுபடுத்துவது, ஒரு பெண்ணுக்கு விடாமல் தனிச் செய்தி அனுப்புவது போன்றவற்றுக்கு இந்தப் பொறுமை கூடாது. அங்கே இரண்டாவது வாய்ப்பு கொடுத்தால், பாதிக்கப்பட்டவரைத்தான் இன்னொரு முறை பணயம் வைக்கிறீர்கள்.

எக்ஸ் கார்டையும் பலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். 2013-இல் ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எளிய வழி அது: ஒரு காட்சி பிடிக்கவில்லை என்றால் அட்டையைத் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை, காட்சி மாறிவிடும். ஆன்லைனில் சாட்டில் எக்ஸ் என்று ஓர் எழுத்து தட்டினால் போதும். அதைப் பார்த்ததும் "ஏன், என்ன ஆச்சு?" என்று எல்லார் முன்னாலும் விசாரித்தால் அடுத்த முறை யாரும் தட்டமாட்டார்கள். இன்னொன்று, ஒருவரை ஒருவர் மதிக்கும் குழுவில் தெரியாமல் நடந்துவிடும் தவறுகளுக்குத்தான் அது உதவும். வேண்டுமென்றே புண்படுத்துபவரை அது தடுக்காது.

அவசரத்தில் நடக்கும் ஒரு தவறும் உண்டு. டிஸ்கார்டில் ஒருவரைத் தடைசெய்யும்போது அவருடைய அண்மைச் செய்திகளையும் அழிக்கவா என்று கேட்கும். கோபத்தில் சரி என்று அழுத்தினால் ஆதாரமும் போய்விடும். முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் புகார், கடைசியில் தடை. முடிவெடுக்கச் சிறிது நேரம் வேண்டுமானால் டைம்அவுட் கொடுக்கலாம். ஒரு வாரம்வரை அவரால் எழுதவோ பேசவோ முடியாது.

நீக்கலாமா என்று குழுவில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். பாதிக்கப்பட்டவர் எல்லார் முன்னாலும் கை தூக்க வேண்டிவரும். முடிவை நீங்களே எடுத்து, "அவர் இனி நம் ஆட்டத்தில் இல்லை" என்று மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளாமல், இந்த ஆட்டத்தில்தான் நண்பர்களைக் கண்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அதனால் ஒருவரை வெளியே அனுப்ப மனம் வருவதில்லை. அந்தத் தயக்கத்தில் நான் இரண்டு மாதம் கடத்தினேன். எங்கள் குழுவில் கிளெரிக் என்ற பூசாரிக் கேரக்டராக ஆடிய பெண், "வேலை அதிகம்" என்று எழுதிவிட்டு விலகிக்கொண்டார். தொல்லை தந்தவரை நீக்கியபிறகு அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்தேன். அதற்குள் வேறு குழுவில் சேர்ந்திருந்தார்.