தினமும் போகும் வழியைக் கொஞ்சம் மாற்றுங்கள்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் வயதுக்காரர்கள் பலருக்கு ஒரே டீக்கடை, ஒரே பெஞ்ச், வந்த வழியே வீடு. "நேத்து இன்னா பண்ணேன்னே நெனப்பு இல்லப்பா" என்று வருத்தப்படுகிறார்கள். நினைவில் நிற்கிற மாதிரி நேற்று புதிதாக எதுவுமே நடந்திருக்காது என்பதுதான் பாதிக் காரணம்.

பழகிப்போன வேலையைப் பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்லியா பார்த்துக்கொள்கிறது. கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் சந்தேகம் வருவது இதனால்தான்; கை பூட்டியது, மனசு அங்கே இல்லை. புது இடம், புது முகம் என்றால் மூளையில் நினைவைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி முழித்துக்கொண்டு பதிய வைக்க வேண்டும். லண்டனில் டாக்சி உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்வார்கள். அந்த ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்து, ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000-ல் எலினார் மகுவயர் என்ற மூளை ஆய்வாளரின் குழு கண்டது. தெருத்தெருவாக நடந்து பிழைத்த எனக்கு அதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம்.

அதனால் நடையில் ஆரம்பியுங்கள். கல்மண்டபத்திலிருந்து வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு மெயின் ரோட்டிலேயே போகிறவர் என்றால், ஒருநாள் உள் தெருக்களில் நுழையுங்கள். போனில் மேப் பார்க்காதீர்கள். வழி தவறினால் யாரையாவது கேளுங்கள், நம்ம பக்கம் கேட்டால் கூடவே வந்து விடுவார்கள். திரும்பும்போது மூன்று அடையாளங்களைப் பார்த்து வையுங்கள்: ஒரு முனைக் கோயில், ஒரு இஸ்திரி வண்டி, பச்சை கேட் போட்ட வீடு, இப்படி ஏதாவது. ராத்திரி படுக்குமுன் கண்ணை மூடி, அந்த வழியை ஆரம்பத்திலிருந்து மனதுக்குள் நடந்து பாருங்கள். முக்கியமே இதுதான். பார்த்ததை மறுபடி நினைவிலிருந்து இழுத்து எடுக்கும்போதுதான் அது உறுதியாகப் பதிகிறது. சும்மா வேறு தெருவில் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் வலிதான் மிச்சம்.

அப்புறம் காசிமேடு. எப்போதும் சங்கராவும் வஞ்சிரமும் வாங்குகிறவர், பெயர் தெரியாத ஒரு மீனைக் காட்டி "ஏம்மா, இது இன்னா மீனு, எப்படி ஆக்கறது?" என்று கேளுங்கள். அந்தம்மா குழம்புக்கா வறுவலுக்கா, புளி எவ்வளவு, எல்லாம் சொல்வார். எழுதிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து அப்படியே வீட்டில் சொல்லி, நீங்களே சமையுங்கள். பெயர், முகம், வாசனை, ருசி எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்வதால் அந்த மீனை லேசில் மறக்க மாட்டீர்கள்.

வீட்டுக்குள் செய்ய: சட்டைப் பையில் இருக்கும் சில்லறையை எடுக்காமல், விரலால் தடவியே எது ஐந்து, எது பத்து என்று சொல்லிப் பாருங்கள். மளிகைச் சீட்டை எழுதிப் பைக்குள் போட்டுவிட்டு, கடையில் நினைவிலிருந்தே கேளுங்கள். காசு கொடுக்கும் முன் சீட்டைச் சரிபாருங்கள். இடது கையால் பல் தேய்க்கலாம், ஆனால் பழகிவிட்டால் அதுவும் வழக்கம்தான்.

மாற்றவே கூடாதவையும் உண்டு. பிரஷர், சுகர் மாத்திரை நேரம், சாவி மாட்டும் ஆணி, கண்ணாடி வைக்கும் இடம், தூங்கும் நேரம். பகலில் கற்றது தூக்கத்தில்தான் நிலைக்கிறது, அதனால் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். லாரி ஓடும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழகிய தெருவிலேயே ஒருவர் வழி தெரியாமல் நின்றாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, அதற்கு இந்தப் பயிற்சி போதாது. "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் ஸ்டான்லி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தைராய்டு கோளாறாலும் வைட்டமின் பி12 குறைவாலும்கூட மறதி வரும், அவற்றுக்கு மருந்து இருக்கிறது.