ஷாவ்ஷிங் ஒயின்: பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதும் வாணலியில் ஊற்றுவதும்

சீனச் சமையலில் ஊற்றும் அரிசி ஒயின்தான் ஷாவ்ஷிங். அதை வாங்கப் போய் ‘சமையல் ஒயின்’ என்று எழுதிய பாட்டிலைக் கையில் எடுத்தால், முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அதில் உப்பு சேர்த்திருக்கும். சிலவற்றில் சர்க்கரையும் மசாலா வாசனையும்கூட இருக்கும். உப்பு போட்டால் குடிக்க முடியாது, அதனால் மதுக்கடை உரிமம் இல்லாத மளிகைக் கடையிலும் விற்கலாம். இதற்காகவே பல நாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். உப்பு நூற்றுக்கு ஒன்றரை பங்கு என்று வையுங்கள். பொரியலுக்கு ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் கால் கிராம்கூட வராது, நாக்குக்குத் தெரியாது. அதையே இறைச்சி வேகவைக்க 250 மி.லி. ஊற்றினால் கிட்டத்தட்ட 4 கிராம் உப்பு சேரும். குழம்பு வற்ற வற்றக் கரிப்பு ஏறும், மேலே சோயா சாஸ் வேறு. எனவே குடிக்கத் தகுந்த, உப்பில்லாத ஒயினையே வாங்குங்கள். உப்புப் போட்டதுதான் கிடைக்கிறது என்றால், சோயா சாஸைக் குறைத்து, கடைசியில் ருசி பார்த்துச் சரிசெய்யுங்கள்.

நல்ல ஷாவ்ஷிங் ஒயினின் பொருள் பட்டியல் மிகச் சிறியது: தண்ணீர், பசையரிசி, கோதுமை. நிறத்துக்காக கேரமல் சேர்த்திருந்தால் குறையில்லை. சீனாவின் செஜியாங் மாகாணத்து ஷாவ்ஷிங் நகரில், கோதுமையில் வளர்த்த பூஞ்சைக் கட்டியால் அரிசியைப் புளிக்கவைத்துச் செய்வது இது. கோதுமை ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டும். சீனத்தில் அச்சான லேபிள் என்றால் தர எண்ணைத் தேடுங்கள். 17946 என்றிருந்தால் ஷாவ்ஷிங் ஒயினுக்கே உரிய தேசியத் தரம். 13662 என்றால் மஞ்சள் அரிசி ஒயின்களுக்கான பொதுத் தரம். அதுவும் சமையலுக்கு நன்றாகவே இருக்கும். 10416 என்றிருந்தால் அது சமையலுக்கென்றே கலந்த ரகம்.

அடுத்து இனிப்பு. லிட்டருக்கு 15 கிராமுக்குள் சர்க்கரை இருப்பது யுவான்ஹோங், 15 முதல் 40 வரை ஜியாஃபான், 40 முதல் 100 வரை ஷான்னியாங், அதற்கு மேல் ஷியாங்ஷுவே. வீட்டுக்கு ஒரே பாட்டில் போதும் என்றால் ஜியாஃபான் வாங்குங்கள். கடைகளில் ஹுவாதியாவ் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ஜாடியில் முதிர்ந்த ஜியாஃபான்தான். மூன்று, ஐந்து வருடம் முதிர்ந்தது போதும். பத்து வருடச் சரக்கை அடுப்பில் கொதிக்கவிட்டால் கொடுத்த காசுக்கான மணம் ஆவியாகப் போய்விடும்.

பெயர் குழப்பத்தால் வரும் தவறுகளும் உண்டு. அரிசி வினிகர் புளிப்பது, ஒயினுக்கு ஈடாகாது. பைஜியு காய்ச்சி வடித்த கடும் மது. கரண்டிக் கணக்கில் ஊற்றினால் சாப்பாடு கெட்டது. மிரின் என்ற ஜப்பானிய இனிப்பு அரிசி ஒயின்தான் கிடைத்தது என்றால் செய்முறையிலுள்ள சர்க்கரையை விட்டுவிடுங்கள். மாற்றாக மிக நெருங்கி வருவது ஸ்பெயின் நாட்டு ஒயினான ஷெர்ரியில் இனிப்பில்லாத ரகம், அதே அளவில். ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயும் ஒத்துவரும், ஆனால் மணம் மெல்லியது.

இறைச்சியை ஊறவைக்கும்போது வரிசை முக்கியம். மெல்லிய கீற்றாக வெட்டிய 300 கிராம் கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி ஒயின், 2 தேக்கரண்டி லைட் சோயா சாஸ், கால் தேக்கரண்டி வெள்ளை மிளகுத்தூள். ஈரம் முழுவதையும் இறைச்சி இழுத்துக்கொள்ளும்வரை கையால் பிசைந்துவிட்டு, பிறகுதான் 2 தேக்கரண்டி சோள மாவு, கடைசியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய். இருபது நிமிடம் போதும். கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கி நின்றால் ஒயின் அதிகம். மாவு கழன்று வாணலியில் கூழாகும்.

வதக்கும்போது ஊற்றுவது வேறு வேலை. இறைச்சி சிவந்ததும், சோயா சாஸுக்கு முன்னால், ஒரு மேசைக்கரண்டியை வாணலியின் சூடான ஓரத்தைச் சுற்றி ஊற்றுங்கள், நடுவில் அல்ல. சுள்ளென்று சத்தம் எழ வேண்டும். பத்துப் பதினைந்து விநாடியில் சத்தம் அடங்கி, மூக்கை உறுத்தும் காரநெடி போய்க் கொட்டை வறுத்த மணம் வரும். சத்தம் வரவில்லை என்றால் வாணலி காயவில்லை; இறைச்சி வதங்காமல் நீரில் வேக ஆரம்பிக்கும், பச்சை மது வாடையும் தங்கிவிடும். வீட்டு அடுப்பின் தீ சிறியது, ஆகவே ஒரு ஈடுக்கு 250, 300 கிராமுக்கு மேல் போடாதீர்கள். எரிவாயு அடுப்பில் ஆவி தீப்பிடிக்கலாம், முகத்தை விலக்கி வையுங்கள்.

ஒயினின் முழுக் குணமும் தெரிவது ஹோங்ஷாவ் ரோவ் என்ற சிவந்த பன்றி இறைச்சியில்தான். ஒரு கிலோ வயிற்றுப் பகுதியை நாலு செ.மீ. துண்டுகளாக்கி, குளிர்ந்த நீரில் மூன்று துண்டு இஞ்சி, 2 மேசைக்கரண்டி ஒயினோடு போட்டுக் கொதிக்கவிடுங்கள். கொதிநீரில் போட்டால் மேற்புறம் இறுகி, கவிச்சி உள்ளேயே நின்றுவிடும். நுரை கிளம்பி அடங்கியதும் வடித்து, வெந்நீரில் அலசுங்கள். வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 30 கிராம் கற்கண்டைத் தேன் நிறத்துக்கு உருக்கி, இறைச்சியைப் புரட்டி, 250 மி.லி. ஒயினை ஊற்றுங்கள். மூடாமல் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் மூடினால் காரநெடி திரும்பச் சொட்டி இறங்கிவிடும். பிறகு 3 மேசைக்கரண்டி லைட் சோயா, ஒன்று டார்க் சோயா, இரண்டு அன்னாசிப்பூ, மூழ்கும் அளவு வெந்நீர். சிறுதீயில் மூடி ஒன்றேகால் மணி நேரம், கடைசிக் கால் மணி நேரம் திறந்து வற்றவிடுங்கள். குழம்பு துண்டின்மேல் பளபளவென்று ஒட்டி நிற்கும்போது இறக்குங்கள்.

மீனை ஆவியில் வேகவைக்க, 600 கிராம் முழு மீனுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பத்து நிமிடம் ஊறியதும் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுங்கள்; வெந்த பிறகு சேரும் நீரையும் கொட்டிவிட்டுத்தான் சோயா சாஸும் காய்ந்த எண்ணெயும். கவிச்சி அந்த நீரில்தான் இருக்கிறது.

ஒயினில் ஊறவைத்த குளிர்ந்த கோழிக்கு மட்டும் நல்ல, முதிர்ந்த பாட்டிலைத் திறக்கலாம், ஏனெனில் அதில் ஒயின் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. வெந்த கோழிக்கால்களைப் பனிநீரில் ஆறவைத்து, உப்புப் போட்டு ஆறிய கோழிச்சாறும் ஒயினும் சமபங்கில் கலந்ததில் மூழ்கவைத்து, ஒரு நாள் குளிர்பெட்டியில் வையுங்கள். சாறு சூடாக இருக்கும்போது கலந்தால் மணம் போய்விடும்.

இந்தக் கோழி மது தவிர்ப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கூடாது. கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் போய்விடும் என்பதும் சரியல்ல. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கால் மணி நேரம் கொதித்த பின்னும் 40 சதவீதம், ஒரு மணி நேரத்துக்குப் பின் 25 சதவீதம் மிஞ்சும். விருந்தாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திறந்த பாட்டிலை இறுக மூடி, அடுப்பை விட்டுத் தள்ளி இருட்டான அலமாரியில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். குளிர்பெட்டியில் ஆறு மாதம்வரை. அடியில் வண்டல் படிவது இயல்பு. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.