மலையகத்தில் புயலுக்கு முன்: லயத்தையும் குடும்பத்தையும் ஆயத்தம் செய்தல்

கரையோரத்தில் புயல் என்றால் காற்றும் கடலும். இலங்கையின் மலைநாட்டுக்கு அது மழையாக ஏறி வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் லயங்களையும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) தனி வீடுகளையும் மூடியது மண்சரிவு. ஆகவே கூரைக்கு முன்னால் வீட்டின் பின்மேட்டைக் கவனியுங்கள். ஒக்டோபர் தொடங்கும்போதே இந்த வேலைகளை முடித்துவிடுவது நல்லது.

முதல் வேலை கான் (வடிகால்) வெட்டுவது. லயத்துக்குப் பின்னால் மேட்டடியில் ஓடும் கானில் கவ்வாத்துக் குச்சி (தேயிலைச் செடியில் வெட்டிய கிளை), பொலித்தீன், சரிந்த மண் எல்லாம் சேர்ந்து அடைத்திருக்கும். தண்ணீர் ஓட வழியில்லாமல் தேங்கினால் மேட்டுக்குள்ளேயே ஊறும். ஊறிய மண் பாரம் கூடி, பிடி விட்டு இறங்கும். மம்பட்டியால் அள்ளிய மண்ணைக் கானின் ஓரத்திலேயே குவிக்காதீர்கள், அடுத்த மழைக்குத் திரும்ப உள்ளே வந்துவிடும். கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் எங்கே போய் விழுகின்றன என்று பாருங்கள். கீழ் வரிசைக் காம்பராக்களின் மேட்டில் விழுந்தால், அது பக்கத்து வீட்டுக்காரருக்கு நாம் வெட்டும் குழி. சமையலறையை நீட்டுவதற்காக மேட்டின் அடியை வெட்டவே கூடாது. மேலே நிற்கும் மண்ணுக்கு அந்த அடிதான் முட்டு.

மேட்டில் நிலவெடிப்பு இருந்தால் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை அளந்து திகதியோடு எழுதிவையுங்கள். சுவர் வெடிப்பென்றால் இரு முனையிலும் பென்சில் கோடு போதும். இடைவெளியோ வெடிப்பின் நீளமோ கூடினால் கிராம அலுவலருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அன்றே அறிவியுங்கள். சிறிய வெடிப்பைக் களிமண்ணால் அடைத்துப் பொலித்தீன் போட்டு மூடலாம். அதனால் உள்ளே போகும் தண்ணீர் குறையும், சரிவு நிற்காது. மழை பெய்துகொண்டிருக்கும்போது இந்த வேலைக்கு மேலே ஏற வேண்டாம்.

அடுத்தது மழையை அளப்பது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழை இந்தப் பக்கம் தூறலாக இருக்கும், அதனால் மாவட்டத்துக்குச் சொல்லும் அறிக்கையை மட்டும் நம்பி இருக்க முடியாது. அடியும் வாயும் ஒரே அகலமான பால்மா டின் ஒன்றை, கூரையும் மரமும் மறைக்காத இடத்தில், காற்றுக்குச் சாயாதபடி கல் அண்டக் கொடுத்து வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே நேராக நிறுத்தி மில்லிமீற்றர் பாருங்கள். அடிமட்டத்தில் பூச்சியம் ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கினால் அந்த இடைவெளியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வாய் குறுகிய போத்தலும் அடி சிறுத்த வாளியும் பிழையான கணக்குத் தரும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து ஊற்றிவிடுங்கள். கடும் மழையில் மணிக்கொரு தடவை பாருங்கள், ஆனால் ஊற்றாதீர்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று படிகளில் வரும். 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 மி.மீ. தாண்டினால் செம்மஞ்சள், வெளியேற ஆயத்தம். 150 மி.மீ. தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. கொட்டினாலோ சிவப்பு, உடனே வெளியேற வேண்டும். எங்கள் அபிப்பிராயம்: பின்னேரத்துக்குள் 100 தாண்டி மழையும் விடவில்லை என்றால், சிவப்புக்குக் காத்திராமல் வெளிச்சத்திலேயே கிளம்பிவிடுங்கள். இருட்டில், கரண்ட் இல்லாமல், கிழவரையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு படிக்கட்டில் இறங்குவது வேறு கதை.

டின்னில் எவ்வளவு இருந்தாலும் சில அறிகுறிகளுக்குக் கணக்கே பார்க்கக் கூடாது. நேற்று மூடிய கதவு இன்று நிலையில் இறுகுவது, மரமோ கரண்ட் கம்பமோ சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, தெளிந்த பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாய் வழி வருவது) திடீரென்று கலங்குவது ஆகியவை அப்படிப்பட்டவை. எல்லாவற்றிலும் ஏமாற்றுவது ஓடை. கொட்டும் மழையில் ஓடைத் தண்ணீர் குறைந்தால், மழை அடங்குகிறது என்று ஆட்கள் ஆறுதல்படுவார்கள். மேலே எங்கோ மண் விழுந்து தண்ணீரை மறித்திருக்கலாம், மறித்தது ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வரும்.

வெளியேறும்போது சரிவு வரக்கூடிய பாதைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் விலகுங்கள். ஓடையோரமாகக் கீழே இறங்கக் கூடாது. அதே மேட்டின் கீழுள்ள அடுத்த லயத்தில் போய்த் தங்குவதும் உதவாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று பல லயங்கள் ஒன்றாகவே புதைந்தன. பாடசாலையோ கோவிலோ, தங்கப்போகும் இடம் ஆபத்தில்லாததுதானா என்று கிராம அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு, பகலில் ஒருமுறை குடும்பத்தோடு நடந்து பாருங்கள். நடக்க முடியாதவரை யார் யார் தூக்குவது என்று பெயர் சொல்லிப் பேசிவையுங்கள். ஆடுமாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போங்கள்.

கூரைத் தகரம் ஓரத்திலிருந்துதான் கிளம்பும், இஸ்தோப்பு (முன் விறாந்தை) பக்கம் முதலில். ஓர வரிசையில் ஒன்றுவிட்டு ஒரு மேட்டு வளைவில் ஆணியோ போல்ட்டோ வொஷரோடு இருக்க வேண்டும். பள்ள வளைவில் அடித்தால் ஒழுகும். தகரத்தின் மேல் கல் வைப்பது பழைய பழக்கம், தகரம் புரண்டால் கல் தலையில் விழும். அதற்குப் பதிலாக இரண்டு உரப்பைகளில் பாதியளவு மணல் நிரப்பி, கயிற்றால் இணைத்து, முகட்டின் இரு பக்கமும் தொங்கவிடுங்கள். உத்திரம் உக்கியிருந்தால் பாரம் ஏற்றாதீர்கள். கூரைக்குச் சாய்ந்த சவுக்கு மரத்தின் கிளை காற்றில் சுலபமாக முறியும். வெட்ட அனுமதி தேவை என்பதால், தோட்டத் தலைவர் மூலம் நிர்வாகத்துக்கு நேரத்தோடு எழுதிக் கொடுங்கள்.

மலையில் பாதை மூடினால் நாட்கணக்கில் கடை இருக்காது. ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு கிழமைக்கு அரிசி 14 கிலோ, பருப்பு 3 கிலோ, ரொட்டிக்குக் கோதுமை மா 3 கிலோ. இதோடு டின் மீன், பிஸ்கட், சீனி, தேயிலை, உப்பு. விறகைக் காயவைத்து வீட்டுக்குள் அடுக்குங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர், மூன்று நாளைக்கு 60 லீற்றர் தண்ணீர் மூடிய கலனில் வேண்டும்.

தூக்கிக்கொண்டு ஓடும் பை இதிலிருந்து தனி. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிப் பத்திரங்கள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள். அவற்றைப் படமெடுத்துக் கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கோ உறவுக்கோ அனுப்பிவையுங்கள். இரண்டு கிழமைக்கான மருந்து, டோர்ச், பவர் பேங்க், விசில், கம்பளி, மாதவிடாய்த் துணி, குழந்தையின் பால்மா. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. போன் செத்துவிடும் என்பதால் இவற்றைக் காகிதத்திலும் எழுதுங்கள்.

மழை விட்டு வெயில் அடித்தாலும் ஊறிய மலை சரியலாம். அதிகாரிகள் பார்வையிட்டுச் சொல்லும்வரை பொருள் எடுக்கக்கூட உள்ளே போகாதீர்கள். திரும்பியதும் மெயின் சுவிட்ச் நனைந்திருந்தால் தொடவேண்டாம். கலங்கிய பீலித் தண்ணீரைத் தெளியவிட்டு, துணியில் வடித்து, நன்றாகக் கொதி வந்தபின் மூன்று நிமிடம் வைத்துக் குடியுங்கள். சேற்றை வழிக்கும் முன் எல்லாச் சேதத்தையும் படமெடுங்கள், நட்டஈட்டு விண்ணப்பத்துக்கு அது வேண்டிவரும்.