வாரியக் குடியிருப்பு மாடியில் கீரைத் தோட்டம்: பொறுப்பு பிள்ளைகளிடம்

எட்டுப் பிள்ளைகள், கீரை வளர்க்க 24 பைகள். முதல் ஆண்டில் இதற்குமேல் வேண்டாம்.

பைகளை ஆறாறாக நான்கு தொகுதியாகப் பிரித்து, வாரம் ஒரு தொகுதியில் மட்டும் விதையுங்கள். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் பறிப்புக்கு வரும். நான்கு வாரச் சுற்றில் மீதி மூன்று நாள் பையைக் கிளறி உரமிட. ஒரு பையில் அரைக் கிலோ வந்தாலே நல்ல விளைச்சல். அப்படியானால் வாரத்துக்கு மூன்று கிலோ, அதாவது கால் கிலோக் கட்டாகப் பன்னிரண்டு வீட்டுக்கு. எல்லாப் பையிலும் ஒரே நாளில் விதைத்தால் ஒரு வாரம் கீரை குவியும், அடுத்த மூன்று வாரம் ஒன்றும் இருக்காது. குழு கலைந்துபோக இதுவே போதும்.

ஒரு தொகுதிக்கு இரண்டு பேர்: ஒருவர் பிளஸ் ஒன், இன்னொருவர் எட்டாம் வகுப்பு. விதைப்பதிலிருந்து கீரைக் கட்டை வீடுகளில் கொடுப்பதுவரை அந்த ஜோடியின் வேலை. பெரியவர் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு விலகும்போது சின்னவருக்கு வேலை முழுக்கத் தெரிந்திருக்கும். விதைத்த தேதி, பறித்த எடை, கொடுத்த வீடு, விற்ற பணம் நான்கையும் நோட்டில் எழுதி, சனிக்கிழமை எல்லோர் முன்பும் படிக்க வேண்டும். யாருக்கு இலவசம், எத்தனை கட்டு விற்று விதை வாங்குவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஒரு பை பட்டுப்போனால் நாம் ரகசியமாக மறுபடி விதைத்து வைக்கக் கூடாது. காரணம் கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்குப் பயிற்சி.

பை 2 அடி நீளம், 2 அடி அகலம், 8 அங்குல உயரம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மண்புழு உரம் ஒன்று. 5 கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் சுமார் இரண்டு பைக்கு வரும். ஊறவைத்த தண்ணீரை இரண்டு முறை வடித்துக் கொட்டுங்கள், இல்லையென்றால் அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். நனைந்த பை 50 கிலோவுக்கு மேல் கனக்கும். அதனால் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரும் பீமும் போகும் வரிசையில், செங்கல் மேல் வையுங்கள். அதற்கு முன் வாரியத்தின் அனுமதியும் பொறியாளரின் ஒப்புதலும் கட்டாயம்.

பைக்குக் கால் தேக்கரண்டி விதை போதும். ஒரு பிடி மணலோடு கலந்து தூவி, மெல்லிய மண் போர்வை போட்டுப் பூவாளியால் நீர் விடுங்கள். நெருக்கித் தூவி நீரும் அதிகமானால் நாற்றழுகல் (இளஞ்செடியின் அடித்தண்டு அழுகிச் சாயும் நோய்) வரும். அடியுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பது உதவும். இலையைச் சுருட்டிக் கூடு கட்டும் புழுவைக் கையால் பொறுக்குங்கள். மீறினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும், மாலையில் மட்டும்.

வெயில் காலத்தில் பைக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், மொத்தம் 70 லிட்டருக்கு மேல் வேண்டும். இதைக் கீழிருந்து குடத்தில் சுமக்க வைத்தால் இரண்டாம் வாரமே ஆள் குறையும்; மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்த பிறகே தொடங்குங்கள். மே மாதம் வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டி, ஊருக்குப் போகிறவர்களுக்குப் பதில் ஆளை ஏப்ரலிலேயே நோட்டில் எழுதிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழை விதையை அடித்துப் போகும். அப்போது சிறுகீரையை நிறுத்திவிட்டு, தண்டு ஊன்றியே வளர்க்கக்கூடிய பசலையையும் பொன்னாங்கண்ணியையும் வையுங்கள்.