கவன நடை: பதினைந்து அடிப் பாதையில் தொடங்குவது எப்படி?

நடப்பதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் இந்தப் பயிற்சியில் பலரும் முதல் நாளே கோட்டை விடுகிறார்கள். கால் பாட்டுக்கு நடக்கிறது. தலைக்குள் நேற்றைய வாக்குவாதமும் நாளைய மீட்டிங்கும் ஓடுகின்றன. அரை மணி நேரம் கழித்துத் திரும்பும்போது சட்டை நனைந்திருக்கும், டென்ஷன் அப்படியே இருக்கும்.

கவன நடையில் மாறுவது ஒன்றுதான்: பாதம் தரையைத் தொடுவதை, தொடுகிற அந்தக் கணத்திலேயே உணர்வது. மனதை வெறுமையாக்குவது இதில் வேலையே இல்லை. அதற்கு முயன்றால் பத்து நிமிடத்தில் எரிச்சல்தான் மிஞ்சும்.

இடமும் தயாரிப்பும்

பத்திலிருந்து பதினைந்து அடி எடுத்து வைக்கிற அளவுக்கு நேரான, சமதளமான இடம் போதும். வராந்தா, மொட்டை மாடி, இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள தரை, எதுவானாலும் சரி. வண்டி போகும் தெரு வேண்டாம். தேரவாத பௌத்த மடங்களில் நடைத் தியானத்துக்கென்றே இப்படி ஒரு நேர்கோட்டுப் பாதை வைத்திருப்பார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாததால் அவசரம் தானாகக் குறையும். வேடிக்கை பார்க்கப் புதிதாக எதுவும் வராது. பாதை முடியும் இடம் உங்களுக்கு ஒரு சோதனைச் சாவடி; அது ஏன் என்பது கீழே வரும்.

தரை சுத்தமாக இருந்தால் வெறுங்கால் நல்லது. இல்லையென்றால் மெல்லிய அடிப்பகுதி உள்ள செருப்போ ஷூவோ போடலாம். தடித்த ஸ்பாஞ்ச் வைத்த ஷூ தரையின் உணர்வைப் பாதியாவது விழுங்கிவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. காயம் பட்டாலும் தெரியாது. அவர்கள் ஷூவோடு நடந்து, கவனத்தைத் தொடையிலும் முழங்காலிலும் வைக்கலாம்.

மொபைலில் பத்து நிமிட டைமர் வைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, எட்டாத இடத்தில் வையுங்கள். டைமர் இல்லாவிட்டால் "எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்" என்ற கணக்கே தலையில் ஓடும்.

முதல் ஒரு நிமிடம் நிற்பது

பாதையின் ஒரு முனையில் நில்லுங்கள். இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. முழங்காலை விறைப்பாகப் பூட்டாதீர்கள். உடல் எடை குதிகாலில் இருக்கிறதா, முன்பாதத்திலா? இடதிலா, வலதிலா? சரிசெய்யத் தேவையில்லை, கண்டுபிடித்தால் போதும். கூடவே கால் விரல்களையும் கவனியுங்கள். மன அழுத்தத்தில் இருக்கும்போது பலருக்கு அவை தரையைக் கவ்விக்கொண்டிருக்கும். அதைத் தளர்த்தினாலே சிலருக்குத் தாடையும் தோளும் சேர்ந்து இறங்கும்.

கைகளை முன்னாலோ பின்னாலோ கோத்துக்கொள்ளுங்கள். மெதுவான நடையில் தொங்கும் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாது. பார்வை இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தரையில் பதியட்டும். பாதத்தையே குனிந்து பார்க்காதீர்கள்: நாலைந்து கிலோ எடையுள்ள தலை முன்னால் தொங்கினால் பின்கழுத்து வலிக்கும். பாதத்தை உணர வேண்டும், பார்க்க வேண்டியதில்லை.

ஒரு அடி, நெருக்கத்தில்

சாதாரண நடை நிமிடத்துக்குச் சுமார் நூறு அடி என்றால், இங்கே நாற்பது, ஐம்பது. முதலில் வலது குதிகால் தரையை விட்டுப் பிரிகிறது. கடைசியாக விடைபெறுவது கட்டைவிரல். கால் காற்றில் நகரும்போது எடை முழுக்க இடது பாதத்துக்கு மாறியிருக்கும். அங்கே கணுக்கால் இப்படியும் அப்படியும் நுட்பமாகத் திருத்திக்கொண்டே இருப்பது தெரியும். பிறகு வலது குதிகால் தொடுகிறது, வெளி ஓரம் பதிகிறது, முன்பாதம் பரவுகிறது. எடை முழுவதும் அதில் இறங்கிய பிறகே அடுத்த கால்.

இத்தனையும் ஒரே நாளில் பிடிபடாது. பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ (1904–1982) வழியில் பழகுபவர்கள் ஒவ்வொரு அடிக்கும் மனதுக்குள் மூன்று சொல் சொல்வார்கள்: தூக்குதல், நகர்த்துதல், வைத்தல். முதல் வாரத்துக்கு "வைத்தல்" மட்டும் போதும். சொல் முன்னால் ஓடி, கால் பின்னால் வந்தால் அது வெறும் மந்திரம் ஆகிவிடும். கால் பட்ட பிறகு சொல் வரட்டும்.

மெதுவாக நடந்தால் தள்ளாடும். கோளாறு எதுவும் இல்லை. வழக்கமான வேகத்தில் முன்னோக்கிய உந்துதலே நம்மைத் தாங்கிக்கொள்ளும்; வேகம் குறைந்ததும் ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடிவிடுகிறது. அடியைச் சிறிதாக்குங்கள், ஒரு பாதத்தின் நீளத்துக்கு மேல் வேண்டாம். கயிற்றில் நடப்பதுபோல ஒரே கோட்டில் பாதங்களை வைக்காமல், அந்த ஒரு சாண் இடைவெளியை விடாதீர்கள். அப்படியும் ஆடினால் வேகத்தைக் கூட்டுங்கள். மெதுவாக நடப்பதற்குப் பரிசு எதுவும் இல்லை.

மனம் ஓடும்போது

ஓடும். மூன்றாவது அடியிலேயே ஓடும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அடிகளை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி மறுபடி ஒன்றுக்கு வருவது. பதினாலு, பதினைந்து என்று எண்ணிக்கொண்டிருந்தால் மனம் எப்போதோ கிளம்பிப் போய்விட்டது என்று அர்த்தம். திட்டிக்கொள்ளாமல் அடுத்த அடியை "ஒன்று" என்று தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் முப்பது தடவை திரும்பி வந்தால் முப்பது தடவை பயிற்சி நடந்திருக்கிறது. ஓடியதைக் கவனித்த நொடிதான் இதில் உண்மையான உடற்பயிற்சி.

பாதையின் முனையில் சட்டென்று திரும்பாதீர்கள். நின்று, ஒரு மூச்சு முழுவதையும் கவனித்து, மூன்று நான்கு சிறு அடிகளில் திரும்புங்கள். வந்த பாதையில் எத்தனை அடி நினைவிருக்கிறது என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம். கால் உடனே திரும்பத் துடித்தால் உள்ளே அவசரம் இன்னும் இருக்கிறது.

கடும் டென்ஷனில் இருக்கும் நாளில்

கோபத்தோடோ பதற்றத்தோடோ வந்து நேராக மெதுநடையில் இறங்கினால் மோசமாகத்தான் இருக்கும். உடம்பு ஓடவோ மோதவோ தயாராகி நிற்கிறது. அதை நத்தையாக்கினால் உள்ளே கொதிக்கும். முதல் ஐந்து நிமிடம் விறுவிறுவென்று நடந்துவிட்டு, பிறகு படிப்படியாக வேகத்தைக் குறையுங்கள்.

அப்போது மூச்சையும் சேர்த்துக்கொள்ளலாம்: மூன்று அடிக்கு உள்ளே, நான்கு அல்லது ஐந்து அடிக்கு வெளியே. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். வெளிமூச்சை நீட்டுவது அதற்காகத்தான். மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள், ஆழமாக இழுத்துத் தள்ளவும் வேண்டாம். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும். கிறுகிறுப்பு வந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக நடங்கள். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு ஏறும். அவர்கள் கவனத்தை வெளியே வைக்கட்டும்: காதில் விழும் மூன்று சத்தங்கள், தோலில் படும் காற்று.

புது யோசனைக்காக நடப்பது

இது வேறு நடை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் இரண்டுமே கெடும். பாதத்தைக் கவனிக்கும்போது யோசனை வந்தால் அதுவும் ஓடிய மனம்தான், எவ்வளவு அருமையான யோசனையாக இருந்தாலும். எனவே நேரத்தைப் பிரியுங்கள்: பத்து நிமிடம் கவன நடை, அடுத்த பதினைந்து நிமிடம் கட்டில்லாத நடை. இரண்டாவதில் வேகம் உங்கள் இஷ்டம், மனம் எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஹெட்போன் மட்டும் வேண்டாம். அடுத்தவர் பேச்சு காதில் நிறைந்தால் உங்கள் பேச்சுக்கு இடமிருக்காது.

கிளம்பும் முன் கேள்வியை ஒரே வரியில் எழுதி வையுங்கள். எந்தக் கேள்வி என்பது முக்கியம். 2014-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகளில், உட்கார்ந்தவர்களைவிட நடந்தவர்கள் ஒரு பொருளுக்கு அதிகமான புதுப் பயன்களைச் சொன்னார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தபோதும் அப்படியே. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பலன் நீடித்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு நடை உதவவில்லை. ஆகவே "இதை வேறு எப்படியெல்லாம் செய்யலாம்?" என்பதை நடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கணக்குச் சரிபார்ப்பதை மேசைக்கு விடுங்கள்.

கையில் சின்னத் தாளும் பென்சிலும் இருக்கட்டும். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் ஒரு கால்வாய்க் கரையோரம் மனைவியோடு நடந்துகொண்டிருந்த கணித அறிஞர் வில்லியம் ரோவன் ஹாமில்டனுக்கு, பல ஆண்டுகளாகத் தேடிய சூத்திரம் சட்டென்று பிடிபட்டது. பாக்கெட் நோட்டில் குறித்ததோடு, பாலத்துக் கல்லிலும் அதைக் கத்தியால் கீறியதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். உங்களுக்கு வருவது பெரும்பாலும் அரைகுறை வரியாகத்தான் இருக்கும். நின்று, நாலைந்து சொல்லில் குறித்துவிட்டு நடையைத் தொடருங்கள். மொபைலில் குறிக்கலாமே என்று தோன்றும். குறிக்கத் திறந்த திரையில் மூன்று மெசேஜ் காத்திருக்கும், அந்த வரி போய்விடும்.